தஜினில் மெதுவான சமையல்: மூடியின் பங்கு எவ்வளவு, தீயின் பங்கு எவ்வளவு?

புதுச்சட்டி:

அனைவருக்கும் வணக்கம். மொரோக்கோவின் தஜின் பாத்திரம் ஒன்றை வாங்கி, விடுமுறை நாள்களில் இறைச்சியையும் காய்களையும் மெதுவாகச் சமைக்க விரும்புகிறேன். ஆழமில்லாத அகன்ற மண் தட்டும் அதன்மேல் கூம்பு வடிவ மூடியுமாக அமைந்த அந்தப் பாத்திரத்தைப் பற்றி விற்பனையாளர்கள் எழுதும் குறிப்புகள் எல்லாம் ஒரே விளக்கத்தைத்தான் தருகின்றன. நீராவி மேலே எழும்பி, குளிர்ந்த கூம்பில் பட்டு நீராகி, மீண்டும் உணவின்மீது இறங்குவதால் இறைச்சி வறளுவதில்லை என்கிறார்கள். கனமான மூடி கொண்ட வார்ப்பிரும்புப் பாத்திரம் ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் மூடியிலும் நீராவி நீராகி இறங்கத்தானே செய்கிறது? அப்படியானால் தஜினில் மட்டும் கிடைக்கக்கூடியது என்ன? மண் தஜினை எரிவாயு அடுப்பில் நேரடியாக வைக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால், வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவியாக இருக்கும்.

மெல்லத்தீ:

வணக்கம் நண்பரே. வாங்குங்கள் என்றே சொல்வேன். ஆனால் விற்பனைக் குறிப்பு சொல்லும் காரணத்துக்காக அல்ல.

தஜினில் சமைக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாத்திரத்தின் அருமை அந்த முறையில்தான் விளங்கும். தட்டில் எண்ணெய் விட்டு, வெட்டிய வெங்காயத்தை அடியில் பரப்பி, அதன்மேல் எலும்போடு கூடிய ஆட்டிறைச்சியின் தோள்பகுதியை வைத்து, இஞ்சித்தூள், மிளகு, மஞ்சள், குங்குமப்பூ, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, மிகக் குறைந்த தீயில் மூடி வைக்கிறோம். வெங்காயமும் இறைச்சியும் தாமே நீர்விடத் தொடங்கிய பிறகு, தேவைப்பட்டால் ஒரு குவளை வெந்நீர் மட்டும் சேர்க்கிறோம். இறைச்சி பாதிக்குமேல் வெந்ததும் காய்களைச் சுற்றிலும் சாய்வாக அடுக்கி, உப்பில் ஊறிய எலுமிச்சையின் தோலையும் ஆலிவ் காய்களையும் கடைசி அரைமணி நேரத்தில் மேலே வைக்கிறோம். இடையில் கிளறுவது இல்லை. ஆட்டிறைச்சிக்கு இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம் ஆகும். கோழி அதில் பாதி நேரத்திலேயே வெந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது நீரின் அளவு. ஆழமான பாத்திரத்தில் இறைச்சியை மூழ்கடிக்கும் அளவுக்கு நீர் ஊற்றத் தோன்றும். அப்படி ஊற்றினால் சாரெல்லாம் நீரில் கரைந்து நீர்த்துப் போகும். தஜினின் தட்டு ஆழமில்லாததால் அவ்வளவு நீர் ஊற்றவே முடியாது. ஊற்றக்கூடிய சிறிதளவு நீரும் தீய்ந்துவிடாமல் இருக்க வேண்டுமானால் தீயைக் குறைத்தே ஆக வேண்டும். தீயைக் கூட்டினால் மண் விரிசல் விட்டுவிடும் என்ற அச்சமும் உண்டு. ஆக, சமைப்பவரைப் பொறுமைக்குப் பழக்கும்படியாகவே அந்தப் பாத்திரம் அமைந்திருக்கிறது. வார்ப்பிரும்பிலும் இதே பொறுமையோடும் இதே சிறிதளவு நீரோடும் சமைக்கலாம். ஆனால் கைவசம் ஆழமும் உறுதியும் இருக்கும்போது பெரும்பாலானோர் அப்படிச் சமைப்பதில்லை.

அளவுகோல்:

மெல்லத்தீ அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். மூடியைப் பற்றிய பகுதியைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது.

ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் தேவை. அந்த நீராவி மூடியின் உட்புறத்தில் மீண்டும் நீராகும்போது அதே அளவு வெப்பத்தை மூடியிடம் ஒப்படைக்கிறது. மூடி அதை வெளிக்காற்றில் கழித்தாக வேண்டும். எனவே ஒரு மூடி எவ்வளவு நீராவியைத் திருப்பி அனுப்பும் என்பது, அந்த மூடி எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது என்பதைப் பொறுத்தது. 28 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. உயரமும் கொண்ட கூம்பின் பரப்பு சுமார் 1,070 சதுர செ.மீ. ஆகிறது. அதே விட்டமுள்ள தட்டையான மூடியின் பரப்பு சுமார் 615 சதுர செ.மீ. மட்டுமே. அதாவது கூம்புக்கு ஒன்றே முக்கால் மடங்கு பரப்பு இருக்கிறது. அதன் உச்சி அடுப்பிலிருந்து விலகியும் இருக்கிறது. ஆகவே கூம்பு கூடுதல் நீராவியை நீராக்கும் என்பது பொய்யல்ல.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். மணிக்குக் கால் லிட்டர் நீரை ஆவியாக்க 157 வாட் போதும். எரிவாயு அடுப்பின் சிறிய பர்னர்கூட முழுத் தீயில் ஏறத்தாழ 1,000 வாட் தரும். அதில் பாதி மட்டுமே பாத்திரத்துக்குள் சென்றாலும் எந்த மூடியாலும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. விளிம்பின் இடுக்கு வழியாகவும், உச்சித் துளை இருந்தால் அதன் வழியாகவும் நீராவி வெளியேறிக்கொண்டே இருக்கும். மிகச் சிறிய தீயில் மட்டுமே, உண்டாகும் நீராவியும் மூடி திருப்பி அனுப்பும் நீரும் ஏறத்தாழச் சமமாகின்றன. ஆகையால் மூடியின் வேலையைத் தீர்மானிப்பதும் தீதான்.

இன்னொன்று. நீர் சொட்டிக்கொண்டே இருப்பதால் இறைச்சி வறளாது என்பது தவறான விளக்கம். இறைச்சியின் நார்கள் சூடாகும்போது சுருங்கித் தம்முள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. நீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தாலும் கடுமையாகக் கொதித்த இறைச்சி வாயில் வறண்டுதான் இருக்கும். தோள், கால் போன்ற உழைத்த பகுதிகளில் உள்ள இணைப்புத்திசுவின் கொலாஜன் என்ற புரதம், 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் மணிக்கணக்கில் இருக்கும்போது ஜெலட்டினாகக் கரைகிறது. நாம் ஈரம் என்று உணர்வது பெரும்பாலும் அந்த ஜெலட்டினையும் கொழுப்பையும்தான். கொழுப்பே இல்லாத தொடைச்சதையைக் கூம்பு மூடிக்குள் எவ்வளவு நேரம் வைத்தாலும் அது தோள்பகுதியைப் போல ஆகாது.

ஃபெஸ் வாசி:

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். மொரோக்கோவில் சில காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில், அங்குள்ள நடைமுறை பற்றிச் சில செய்திகளைச் சேர்க்கிறேன். நீங்கள் இருவரும் சொன்னவற்றோடு அவை பொருந்துகின்றன.

அங்கே தஜினுக்குரிய அடுப்பு மஜ்மர் எனப்படும் சிறிய மண் கரியடுப்பு. கரியைப் பற்றவைத்து, தழல் அடங்கிச் சாம்பல் பூத்த பிறகே தஜினை அதன்மேல் அமர்த்துகிறார்கள். தொடக்கத்தில் ஓரளவு சூடு இருக்கும். நேரம் செல்லச் செல்ல அது தானாகத் தணியும். யாரும் எதையும் திருகிக் குறைக்க வேண்டியதில்லை. நாம் அடுப்பின் குமிழைத் திருப்பிப் பெற முயல்வது அந்தத் தணிவைத்தான். நகர வீடுகளில் இன்று எரிவாயு அடுப்பிலேயே மண் தஜினை வைக்கிறார்கள். நேரம் இல்லாத நாள்களில் அதே குழம்பைப் பிரஷர் குக்கரில் வைத்துவிட்டுப் பரிமாறும்போது தஜினில் மாற்றுவதும் உண்டு. அதை அங்கே யாரும் குறையாகக் கருதுவதில்லை.

ஈரத்தைக் காப்பதுதான் தஜினின் ஒரே நோக்கம் என்ற கருத்துக்கு அங்குள்ள வழக்கமே மறுப்பு. இறைச்சி வெந்தபின் மூடிக்கும் தட்டுக்கும் இடையே ஒரு மரக்கரண்டியைச் செருகி, மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, மிஞ்சிய நீரை வற்றவிடுகிறார்கள். குழைந்த வெங்காயமும் எண்ணெயும் மசாலாவும் சேர்ந்து திரண்டு வருகிற அந்தக் கெட்டியான சாற்றுக்குத் தக்மிரா என்று பெயர். எலுமிச்சையும் ஆலிவும் சேர்ந்த கோழித் தஜினின் உயிரே அதுதான். நீர்த்த சாறு மிதக்கும் தஜினை அங்கே முடிந்த சமையலாக எண்ணமாட்டார்கள். அந்தச் சாற்றைக் கொப்ஸ் எனப்படும் வட்ட ரொட்டியால் தொட்டு, எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து, அவரவர்க்கு எதிரே உள்ள பகுதியிலிருந்து உண்கிறார்கள். நடுவில் உள்ள இறைச்சி பிறகு பங்கிடப்படுகிறது. வெளிநாட்டு உணவகங்கள் தஜினோடு கோதுமை ரவையால் ஆன கூஸ்கூஸைச் சேர்த்துக் கொடுக்கின்றன. மொரோக்கோவில் கூஸ்கூஸ் தனி உணவு, பெரும்பாலும் வெள்ளிக்கிழமைக்குரியது.

சாற்றின் வகைகளையும் அறிந்துகொள்வது நல்லது. எண்ணெய், இஞ்சி, குங்குமப்பூ ஆகியவற்றால் மஞ்சளாக வருவது முகல்லி. வெண்ணெய், சீரகம், பாப்ரிகா எனப்படும் காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள் ஆகியவற்றால் சிவப்பாக வருவது முஹம்மர். இந்த இரண்டையும் மனத்தில் தெளிவாகப் பிரித்துக்கொண்டால், கையில் கிடைத்த எல்லா மசாலாவையும் ஒரே பாத்திரத்தில் கொட்டும் ஆசை குறையும். முகல்லியில் பூண்டையும் சீரகத்தையும் அள்ளிப் போட்டால் குங்குமப்பூவின் மணம் அடியோடு மறைந்துவிடும், அது பெரிய இழப்பு.

புதுச்சட்டி:

மிக்க நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஒன்று, மண் தஜின் ஏன் விரிசல் விடுகிறது, அதைத் தவிர்ப்பது எப்படி என்பது. மற்றொன்று, வண்ணச் சித்திரங்களோடு பளபளப்பாக விற்கப்படும் தஜின்களில் சமைக்கலாமா என்பது. அவை மிக அழகாக இருக்கின்றன.

சூளை:

மட்பாண்டத் தொழிலோடு தொடர்புடையவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். இரண்டாவது கேள்வியே முக்கியமானது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

மட்பாண்டத்தின் பளபளப்பு, சூளையில் உருகிக் கண்ணாடியாகப் படிந்த மெருகுப் பூச்சினால் வருவது. குறைந்த வெப்பநிலையில் எளிதில் உருக வேண்டும் என்பதற்காக மரபான பூச்சுகள் பலவற்றில் ஈயச் சேர்மங்களைக் கலந்து வந்திருக்கிறார்கள். பூச்சின் கலவையும் சுடப்பட்ட வெப்பநிலையும் சரியாக இல்லாதபோது, அந்த ஈயம் உணவில் கசியும். எலுமிச்சை, தக்காளி, வினிகர் போன்ற புளிப்பான பொருள்கள் கசிவைக் கூட்டும். சூடும் நேரமும் அதை மேலும் கூட்டும். உப்பில் ஊறிய எலுமிச்சையைப் போட்டு மணிக்கணக்கில் சூட்டில் வைக்கும் தஜின் சமையலில் இந்தக் காரணங்கள் எல்லாம் ஒன்றுசேர்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். ஈயம் உடலில் சேர்ந்துகொண்டே போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சுவையாலோ மணத்தாலோ அதைக் கண்டறிய முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1984ஆம் ஆண்டு விதிப்படி, சமையல் பாண்டத்தில் 4 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தை அறை வெப்பநிலையில் 24 மணி நேரம் வைத்திருந்து, கசியும் ஈயம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது. சமைப்பதற்கென்றே செய்யப்பட்டது என்றும், இத்தகைய சோதனையில் தேறியது என்றும் தயாரிப்பாளர் எழுத்தில் உறுதியளிக்கும் தஜினை மட்டுமே வாங்குங்கள். கடையில் கிடைக்கும் தேய்த்துப் பார்க்கும் சோதனைக் குச்சிகளை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அவை கசிவின் அளவைச் சொல்வதில்லை, சிலவேளை ஈயம் இருந்தும் காட்டுவதில்லை. வண்ணச் சித்திரத் தஜின்கள் பெரும்பாலும் பரிமாறவும் அலங்கரிக்கவும் செய்யப்பட்டவை. சாஃபி நகரத்து வேலைப்பாடும் தம்குரூத் ஊரின் பச்சை மெருகும் கண்ணுக்கு விருந்து என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சோதிக்கப்படாத ஒன்றைச் சமைக்க எடுக்காதீர்கள், புளிப்பான உணவைப் பரிமாறவும் எடுக்காதீர்கள்.

இனி விரிசல் பற்றி. சுட்ட மண் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். வார்ப்பிரும்பு அதைப்போலப் பல பத்து மடங்கு விரைவாகக் கடத்தும். எனவே தீ படும் அடிப்பகுதி சூடாகி விரியும்போது விளிம்பு இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. விரிந்த பகுதியும் விரியாத பகுதியும் ஒன்றையொன்று இழுக்கும் அந்த இழுவையைத் தாங்க முடியாமல்தான் மண் பிளக்கிறது. பருமணல் கலந்த சொரசொரப்பான மண்ணில் உண்டாகும் நுண்பிளவுகள் மணலில் முட்டி நின்றுவிடுவதால் அது இதை ஓரளவு தாங்கும். வழுவழுப்பான நேர்த்தியான மண் அவ்வளவு தாங்காது.

பழக்குவதற்கு, மெருகிடாத புதிய தஜினை ஓர் இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, நன்கு உலரவிட்டு, உள்ளும் புறமும் ஆலிவ் எண்ணெய் பூசி, குளிர்ந்த ஓவனில் வைத்த பிறகே ஓவனை இயக்குங்கள். 150 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து, ஓவனுக்குள்ளேயே ஆறவிட வேண்டும். எரிவாயு அடுப்பில் வைக்கும்போது பர்னருக்கும் பாத்திரத்துக்கும் இடையே வெப்பம் பரப்பும் உலோகத் தகடு ஒன்றை வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மிகக் குறைந்த தீயைத் தாண்ட வேண்டாம். சூடான தட்டில் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் வெந்நீரையே ஊற்றுங்கள், இறக்கியதும் கல்மேடையில் வைக்காமல் மரப்பலகையின்மீதோ மடித்த துணியின்மீதோ வையுங்கள்.

வெறும் தட்டைச் சூடேற்றுவது கூடவே கூடாது.

கேள்விக்குறி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே உள்ளது. மண் தஜின் அதில் வேலை செய்யுமா?

சூளை:

செய்யாது. காந்தப்புலத்தால் சூடாகும் உலோகம் அடியில் இருந்தால்தான் அந்த அடுப்பு இயங்கும். இடையில் இரும்புத் தகடு வைத்துச் சமைக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அந்தத் தகடு மிக விரைவாகச் சூடேறி அடியை ஒரே இடத்தில் தாக்கும் என்பதால் மண்ணுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வார்ப்பிரும்பு அடித்தட்டும் மண் மூடியும் சேர்ந்த தஜின்கள் கிடைக்கின்றன, அவை இண்டக்‌ஷனில் இயங்கும். அல்லது மண் தஜினைக் குளிர்ந்த ஓவனில் வைத்து, 150 முதல் 160 டிகிரி வரையில் சமைத்துக்கொள்ளலாம்.

அளவுகோல்:

வார்ப்பிரும்பு அடித்தட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. இறைச்சியை முதலில் நன்கு சிவக்க வறுத்துவிட்டுப் பிறகு மெதுவாக வேகவிடலாம். 140 டிகிரிக்கு மேல் விரைவாக நிகழும் மெய்யார் வினைகளால் (புரதக்கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து சிவக்கும் வினைகள்) வரும் மணமும் நிறமும், நீர் நிறைந்த பாத்திரத்தில் 100 டிகிரியைத் தாண்டாமல் வேகும் இறைச்சிக்குக் கிடைக்காது. மண் தஜினில் அந்தச் சூட்டை ஏற்ற முடியாது என்பது ஒரு குறைதான்.

மெல்லத்தீ:

இந்த ஓர் இடத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. வறுத்துத் தொடங்குவது ஐரோப்பியச் சமையலின் பழக்கம். மொரோக்கோவின் பல தஜின்களில் இறைச்சியை மசாலாவோடும் எண்ணெயோடும் மெல்லிய தீயில் புரட்டிவிட்டு அப்படியே வேகவிடுகிறார்கள். சிவப்பதற்கான நேரம் கடைசியில் வருகிறது. ஃபெஸ் வாசி சொன்னபடி மூடியைச் சாய்த்து நீரை வற்றவிடும்போது, அடியில் எண்ணெயும் வெங்காயமும் மட்டும் எஞ்சும். நீர் தீர்ந்ததும் அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடுகிறது, வெங்காயத்தின் இனிப்பு சிவக்கத் தொடங்குகிறது. முஹம்மர் வகைக் கோழியை வெந்தபின் தனியே எடுத்து ஓவனில் சிவக்க வைப்பதும் உண்டு. முதலிலேயே கருக வறுத்த இறைச்சியின் மணம் குங்குமப்பூவையும் இஞ்சியையும் அடக்கிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. உலர்ந்த பிளம்ஸும் வறுத்த பாதாமும் சேரும் ஆட்டிறைச்சித் தஜினுக்கு வேண்டுமானால் வறுத்துத் தொடங்கலாம், அந்தச் சுவைகள் அதைத் தாங்கும்.

அளவுகோல்:

கடைசியில் சிவக்கிறது என்ற விளக்கம் பொருத்தமானது. ஏற்கிறேன். ஆனால் அந்தக் கட்டத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. நீர் முழுவதும் வற்றிவிட்டால் சில நிமிடங்களிலேயே அடிப்பிடித்துவிடும், மண்ணுக்கும் அது ஆபத்து.

ஃபெஸ் வாசி:

மெதுவான சமையல் என்றால் மராகேஷ் நகரின் தஞ்சியாவைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கழுத்து குறுகிய மண் குடத்தில் இறைச்சி, பூண்டு, சீரகம், குங்குமப்பூ, உப்பில் ஊறிய எலுமிச்சை, ஸ்மென் எனப்படும் முதிர்ந்த வெண்ணெய், சிறிதளவு நீர் ஆகியவற்றை இட்டு, வாயைத் தாளால் மூடிக் கட்டி, ஹம்மாம் எனப்படும் பொதுக் குளியலகத்தின் உலைக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவர் அதைச் சூடான சாம்பலில் புதைத்து வைக்கிறார். இரவு முழுவதும் கிடந்து வெந்து வருகிறது. அதில் கூம்பு மூடியே கிடையாது, ஆனாலும் இறைச்சி எலும்பிலிருந்து தானே நழுவுகிறது. அளவுகோல் அவர்கள் கணக்கிட்டுச் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்விக்குறி:

இறைச்சி உண்ணாதவர்களுக்கும் மீன் விரும்புபவர்களுக்கும் தஜின் பயன்படுமா? கொண்டைக்கடலையை நேரடியாகச் சேர்க்கலாமா?

மெல்லத்தீ:

தாராளமாகப் பயன்படும். காய்களைத் தஜினின் வடிவத்துக்கு ஏற்பக் கூம்பாக அடுக்குவது வழக்கம். கேரட், உருளைக்கிழங்கு போன்ற கடினமானவை அடியிலும் சுற்றிலும் இருக்க வேண்டும். சுரைக்காய் வகைகளும் தக்காளியும் மேலே இருக்கட்டும். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். மீனுக்குக் கேரட் துண்டுகளை அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, கொத்தமல்லி, பூண்டு, சீரகம், பாப்ரிகா, எலுமிச்சைச் சாறு, எண்ணெய் சேர்ந்த ஷர்மூலாவில் ஊறிய மீனை அதன்மேல் வைத்தால் அடியில் ஒட்டாது. கொண்டைக்கடலையை முந்தைய இரவே ஊறவைத்துத் தனியாக வேகவைத்த பிறகே சேர்க்க வேண்டும். தஜினின் மெல்லிய சூட்டையும் சாற்றின் புளிப்பையும் நம்பினால் அது கடைசிவரை கெட்டியாகவே கிடக்கும். சிவப்பு ராஜ்மாவைத் தனியே நன்றாகக் கொதிக்கவைக்காமல் எந்த மெதுவான சமையலிலும் சேர்க்கக் கூடாது, அதில் உள்ள லெக்டின் என்ற நச்சுப்பொருள் குறைந்த சூட்டில் அழிவதில்லை.

புதுச்சட்டி:

அனைவருக்கும் நன்றி. மெருகிடாத, பருமணல் கலந்த மண் தஜினையும் வெப்பம் பரப்பும் தகட்டையும் வாங்க முடிவு செய்துவிட்டேன். இறுதியாக ஒன்று: மெருகிடாத பாத்திரம் மீனின் வாடையை ஈர்த்துக்கொள்ளுமா? எப்படிக் கழுவுவது?

சூளை:

ஈர்த்துக்கொள்ளும். மீனுக்கென்று தனியாகச் சிறிய தஜின் ஒன்றை வைத்துக்கொள்வதே நல்லது. பாத்திரம் முழுவதும் ஆறிய பிறகு வெதுவெதுப்பான நீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு கழுவுங்கள். சோப்பை நுண்துளைகள் உறிஞ்சிக்கொண்டு அடுத்த சமையலில் வெளியிடும் என்பதால் அதற்குப் பதிலாகச் சமையல் சோடாவைப் பயன்படுத்தலாம். ஈரம் முற்றிலும் காய்ந்த பின், உட்புறத்தில் சிறிது எண்ணெய் தடவி, மூடியைத் தட்டின்மீது இறுகக் கவிழ்த்துவிடாமல் காற்று நுழையும்படி சாய்த்து வையுங்கள். மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.